மேர்டிலின் புதன்கிழமைக் கடிதம்

மேர்டில் றாகல் தன் வாழ்நாளில் எழுதிய மென்பொருள் வரிகள் மொத்தம் பதினொன்று. அதிலும் நான்கைப் பிறகு வேறொருவர் வந்து மாற்றி எழுதிவிட்டார். ஆனாலும் 'டெசெரா' என்ற நூலக மென்பொருளோடு பழகியவர்களிடம், அவர்கள் பிரேசிலில் இருந்தாலும் வங்காளதேசத்தில் இருந்தாலும், அவருடைய பெயரைச் சொன்னால் போதும். "புதன்கிழமைக் கடிதம் எழுதுகிறவரா?" என்று கேட்பார்கள்.

மேர்டில் மட்டக்களப்பு நகரத்துக் கல்லூரி ஒன்றில் நூலக உதவியாளர். போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்லடிக்குப் பக்கத்து டச்பாரில். சுனாமியில் வீடு போனது, தெருவே போனது. அந்தக் கிழமைகளில் மேர்டில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பாடசாலை முகாம் ஒவ்வொன்றாகப் போய், டச்பார் ஆட்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அவராகவே எழுதினார். பிறகு பனிச்சையடியில் புது வீடு கிடைத்தது. தங்கை ஜக்குலின் புருஷனோடு மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள். மேர்டில் தனியாக இருந்தார்.

2011இல் கல்லூரி நூலகத்துக்கு டெசெரா வந்தது. கணினிப் பாடம் எடுக்கும் விஜிதரன் சேர்தான் அதைக் கொண்டுவந்து நிறுவினார். திறந்த மூல மென்பொருள். உலகத்தில் யாரும் அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம். பெரிய நகரங்களின் நூலகங்கள் தொடங்கி சின்னப் பள்ளிக்கூடங்கள் வரை ஆயிரக்கணக்கான இடங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதத்தில் மேர்டில் ஒரு கோளாறைக் கண்டார். 'பொன்னம்பலம்' என்று தேடினால் அந்த ஆசிரியரின் ஏழு புத்தகங்களில் மூன்றுதான் வந்தன. மற்ற நான்கும் அலமாரியில் கண்முன்னே நின்றன. விஜிதரன் வந்து ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தார்.

"மிஸ், 'பொ' எண்டுற எழுத்த ரெண்டு விதமா அடிக்கலாம். கண்ணுக்கு ஒண்டுதான். உள்ளுக்கு வேற வேற. நீங்க பழைய கம்ப்யூட்டர்ல அடிச்சது ஒரு மாதிரி, புதுசுல அடிச்சது இன்னொரு மாதிரி."

"அப்ப நான் எல்லாத்தையும் திரும்ப அடிக்கிறதா?"

"எத்தின புத்தகம் இரிக்கி?"

"ஒன்பதாயிரத்திச் சொச்சம்."

விஜிதரன் சிரித்துவிட்டார். "இத எழுதுறாக்கள்ட மடற்குழு ஒண்டு இரிக்கி. அவங்களுக்கே எழுதிப் பாருங்க."

மடற்குழு என்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் சேர்ந்திருக்கும் இரண்டாயிரம் பேருக்கும் போய்விடும். மேர்டில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டு நாளில் ஒரு பதில் வந்தது. பிரேசிலின் பெலேம் நகரத்தில் நூலகராக இருக்கும் செலியா என்ற பெண் எழுதியிருந்தார். "இதற்கு ஏற்கெனவே ஒரு பேட்ச் இருக்கிறது. வங்காள மொழிக்காக எழுதியது, தமிழுக்கும் சரிவரும் என்று நினைக்கிறேன். நான்கு வருடமாகக் கிடக்கிறது. யாரும் பரிசோதிக்கவில்லை."

பேட்ச் என்பது ஒரு திருத்தம். மென்பொருளின் எந்த வரியை எடுத்துவிட்டு எந்த வரியை வைக்கவேண்டும் என்று ஒருவர் எழுதி மடற்குழுவுக்கு அனுப்புவார். அதை இரண்டு பேர் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று கையொப்பம் இடவேண்டும். அதன்பின்தான் அது மென்பொருளில் சேரும். மேர்டில் அதை 'ஒட்டு' என்றார். கிழிந்த உடுப்புக்குப் போடுகிற ஒட்டு.

அந்த ஒட்டை எழுதியவர் வங்காளதேசத்தின் குல்னா நகரத்து நூலகர் தபன். 2007இல் அனுப்பியிருந்தார். "தயவுசெய்து யாராவது பார்ப்பீர்களா?" என்று மூன்று முறை கேட்டிருந்தார். நான்காவது முறை கேட்கவில்லை.

விஜிதரன் உதவியோடு மேர்டில் அதை ஓட்டிப் பார்த்தார். ஏழு புத்தகமும் வந்தன. முதல் கையொப்பம் மேர்டிலுடையது, இரண்டாவது செலியாவுடையது. மூன்று கிழமையில் அது மென்பொருளில் சேர்ந்தது. மேர்டில் தபனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி நன்றி சொன்னார். பதில் வரப் பத்து நாள் எடுத்தது.

"நான்கு வருடம் ஒருவரும் பதில் எழுதாதபோது, என் ஆங்கிலம் யாருக்கும் விளங்கவில்லை என்று நினைத்தேன். பிறகு, நான் எழுதியது முட்டாள்தனம் என்று நினைத்தேன். பிறகு இந்த வேலையையே விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்."

மேர்டில் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அடுத்த நாள் நூலகம் பூட்டும் நேரத்தில், மடற்குழுவின் பழைய கடிதங்களை முதலாம் ஆண்டிலிருந்து திறந்தார். இப்படி எத்தனை கிடக்கின்றன என்று பார்க்கத்தான். தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்துக் கோடு போட்டார். யார் அனுப்பியது, எப்போது, எதற்கு, ஏன் நின்றது. மூன்று மாதத்தில் அந்தக் கொப்பி நிரம்பி இரண்டாவது தொடங்கியது. அறுநூற்று எழுபது ஒட்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றில் பல பிழையானவை அல்ல. அனுப்பியவர் கேட்ட ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றவை, பரிசோதிப்பதாகச் சொன்னவர் வேலை மாறிப் போனதால் நின்றவை, ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் திருப்பி அனுப்பியதோடு நின்றவை.

ஒரு புதன்கிழமை காலை அவர் மடற்குழுவுக்கு எழுதினார். "நண்பர்களே, இந்தப் பத்து ஒட்டுகளும் கையொப்பத்துக்குக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று குறித்திருக்கிறேன்." ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு முடிந்திருந்தன. அடுத்த புதன் வேறு பத்து. அப்படித்தான் அது தொடங்கியது.

இப்போது அந்த வருடங்களை நினைத்தால், மேர்டிலுக்கு முதலில் ஞாபகம் வருவது கடிதங்களின் பாணிதான். ஒவ்வொருவரும் ஒட்டோடு இரண்டு வரி வீட்டுக்கதையும் எழுதுவார்கள். பின்லாந்துக்காரர் ஒருவர் பனியில் நூலகக் கதவு திறக்கவில்லை என்று எழுதினார். தபன் மறுபடியும் எழுத வந்துவிட்டார். ஒவ்வொரு ஒட்டின் கீழேயும் அன்றைக்குச் சாப்பிட்ட மீனின் பெயரைப் போட்டார். "இங்க வாவியில பிடிச்ச செல்வன் மீன்" என்று மேர்டிலும் பதிலுக்கு எழுதினார், ஆங்கிலத்தில்.

செலியாவோடு கிழமைக்கு ஒருமுறை பேச்சு நடக்கும். இங்கே விடிய ஐந்தரை மணி, அங்கே முதல் நாள் இரவு ஒன்பது. ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு முன் ஒழுங்கையில் பாண் ஆட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டது.

"அது என்ன இசை?" என்றார் செலியா.

"பாண் விற்கிறவர்."

"என்ன விற்கிறவர்?"

"பாண். பிரெட்டுக்கு நாங்கள் சொல்வது."

 செலியா போர்த்துக்கேய மொழியில் பாணுக்கு என்ன சொல்வார்கள் என்று உச்சரித்துக் காட்டினார். ஏறக்குறைய அதே சொல்தான். மேர்டில் சிரித்துவிட்டு கதிரை, மேசை, அலமாரி, சப்பாத்து என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் பெலேமிலிருந்து அதையொத்த ஒரு சத்தம் வந்தது. தகப்பன் வீட்டில் பேசிய பறங்கிப் பேச்சில் மேர்டிலுக்கு மிஞ்சியிருந்தது இருபது முப்பது சொற்கள்தான். எல்லாவற்றையும் அன்று செலியாவுக்குச் சொல்லித் தீர்த்தார். அன்றைய ஒட்டுகள் எதையும் இருவரும் பார்க்கவில்லை.

2014இல் டெசெராவின் நிர்வாகக் குழு அவரை ஒட்டுகளுக்குப் பொறுப்பாளராக்கியது. சம்பளமில்லாத பதவி. புதிய பதிப்பில் சேரும் திருத்தங்களில் எவற்றைப் பழைய நிலையான பதிப்புக்கும் கொண்டுபோகலாம் என்று தீர்மானிப்பதும் அவருடைய வேலையானது. பெரும்பாலான நூலகங்கள் அந்தப் பழைய பதிப்பிலேயே இருந்தன. அதில் கைவைப்பது கவனமாகச் செய்யவேண்டிய காரியம்.

அந்த இடத்தில்தான் அவர் ஒருமுறை வழுக்கினார். 2016இல் தபன் ஒரு பெரிய ஒட்டை அனுப்பினார். புத்தகத்துக்கு முன்பதிவு செய்தவர்களின் வரிசையை ஒழுங்குபடுத்துவது. நல்ல வேலை. மேர்டில் முதல் கையொப்பம் இட்டார். இரண்டாவது கையொப்பம் தபனின் நூலகத்திலேயே வேலைசெய்யும் ஒருவரிடமிருந்து வந்தது. அவரும் தபனும் ஒரே கணினியில்தான் பார்த்திருப்பார்கள் என்று மேர்டிலுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வெளியீடு. தபனை இன்னொரு முறை காக்கவைக்க மனம் வரவில்லை. அதையும் ஒரு கையொப்பமாக எண்ணி ஒட்டைச் சேரவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மடற்குழு நிரம்பி வழிந்தது. வேறு விதமாக அமைக்கப்பட்ட நூலகங்களில் முன்பதிவு வரிசை தலைகீழாகியிருந்தது. கடைசியாகக் கேட்டவருக்கு முதலில் புத்தகம் போனது. ஒரு நூலகர் எழுதினார்: "ஐந்து மாதம் காத்திருந்த முதியவர் ஒருவர் இன்று எங்கள் மேசையின் முன் நின்று அழுதார்."

மேர்டில் அன்றைக்கே அந்த ஒட்டைத் திரும்பப் பெற்றார். அதன்பின் எல்லோருக்கும் எழுதினார். "இது தபனின் தவறல்ல. இரண்டாவது கையொப்பம் கையொப்பமே அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எண்ணினேன்." எழுதி அனுப்பிவிட்டு, பதவியை விடுவதாக இன்னொரு கடிதமும் எழுதி அனுப்பாமல் வைத்தார்.

விஜிதரன் நூலகத்துக்கு வந்தபோது அதை வாசிக்கக் கொடுத்தார்.

"மிஸ், நீங்க விட்டா மறுகா இத ஆர் செய்யிற?"

"ஆராவது செய்வாங்க."

"உங்களுக்கு முந்தி ஆர் செஞ்சாங்க?"

மேர்டில் மேசையிலிருந்த கொப்பியைத் திறந்து மூடினார்.

"பிழைதான். இல்லையெண்டு நான் சொல்லல்ல" என்றார் விஜிதரன். "ஆனா இந்தப் பிழ இனி வராம இருக்கிறதுக்கு என்ன செய்யிற எண்டு உங்களுக்குத்தான் தெரியும். புதுசா வாற ஆளுக்கு அது தெரியாதுகா."

அடுத்த புதன்கிழமைக் கடிதத்தில் ஒட்டுகளின் பட்டியலுக்கு மேலே ஒரு யோசனை இருந்தது. இரண்டு கையொப்பமும் இரண்டு வேறு நூலகங்களிலிருந்து வரவேண்டும். குழு அதை விதியாக்கியது. தபன் இரண்டு மாதம் மீனின் பெயர் எழுதவில்லை. பிறகு ஒருநாள் தன் ஒட்டைச் சரிசெய்து மறுபடி அனுப்பினார். கீழே 'கோரைமீன்' என்று போட்டிருந்தார். மேர்டில் கதிரையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2020இல் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது பெரிய சோதனை வந்தது. நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்திருந்தது. ஆறு மாதம் யாரும் தொடாத ஒட்டுகளை ஒரு தானியங்கி நிரல் தானாகவே மூடிவிடும். அப்போது வரிசையில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிடந்தன. குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். "இந்தக் குவியலைப் பார்த்துப் புதியவர்கள் பயந்து ஓடுகிறார்கள், மேர்டில்" என்று எழுதினார். அதிலும் உண்மை இருந்தது.

மேர்டில் அறுபது நாள் தவணை கேட்டார். "மூடவேண்டியதை மூடுவோம். ஆனால் ஒரு மனிதர் வாசித்துவிட்டு மூடட்டும். ஏன் மூடினோம் என்று எழுதியவருக்கு ஒரு கடிதம் போகட்டும்." குழு சம்மதித்தது.

ஊரடங்கில் பனிச்சையடி ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. மேர்டில் சாப்பாட்டு மேசையில் கொப்பிகளைப் பரப்பினார். இதுவரை ஒட்டுகளை வயதுப்படிதான் அடுக்கிவந்தார். இந்த முறை வேறு விதமாகப் பிரித்தார், சோதிக்க என்ன வேண்டும் என்று பார்த்து. பார்கோட் கருவி வேண்டியவை ஒரு பக்கம். பற்றுச்சீட்டு அச்சியந்திரம் வேண்டியவை ஒரு பக்கம். வலமிருந்து இடமாக எழுதும் மொழி தெரியவேண்டியவை ஒரு பக்கம். கடைசிப் பக்கத்துக்கு அவர் இட்ட தலைப்பு: 'ஒரு கதிரையும் பொறுமையும் போதும்.' அந்தப் பக்கத்தில்தான் எண்ணிக்கை அதிகம்.

உலகமெங்கும் நூலகங்கள் பூட்டிக்கிடந்தன. நூலகர்கள் வீட்டில் கை சும்மா இருக்க உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். செலியா தன் நூலகத்தின் அச்சியந்திரத்தை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து, ஒரே கிழமையில் நாற்பது ஒட்டுகளைச் சோதித்தார். அறபு தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. விஜிதரனின் பழைய மாணவி றபீக்கா, ஓட்டமாவடியில் ஆசிரியை, தொலைபேசியிலேயே முப்பதைப் பார்த்து முடித்தார். காலையில் மேர்டில் எழும்பும்போது ஐம்பது அறுபது கடிதங்கள் இருக்கும். தேத்தண்ணி ஆறிப்போகும், பிறகு இன்னொன்று ஊற்றுவார், அதுவும் ஆறிப்போகும்.

ஜக்குலின் மெல்பேர்ணிலிருந்து தொலைபேசி எடுத்துப் பேசினாள். "தனிய இருந்து பயந்து போயிருப்பாய் எண்டு நினைச்சன் அக்கா."

"பயப்பட நேரமில்ல. நான் இஞ்ச நூறு பேரோட இரிக்கிறன்" என்றார் மேர்டில்.

அறுபதாம் நாள் கணக்கு இப்படி வந்தது. நானூற்று எண்பத்தொன்று மென்பொருளில் சேர்ந்தன. எழுநூற்று முப்பத்தொன்பது காரணம் சொல்லி மூடப்பட்டன. மீதித் தொண்ணூற்றிரண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் பொறுப்பேற்றிருந்தார். மூடப்பட்ட ஒன்றை எழுதிய துனிசியாக்காரர் பதில் போட்டார்: "எட்டு வருடம் கழித்து ஒருவர் 'இல்லை' என்று சொன்னாரே, அதற்கே நன்றி. இப்போதுதான் நிம்மதி." மேர்டிலின் வாழ்க்கையில் அதைப்போல இரண்டு மாதம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஆவணியில் தபன் கொரோனாவில் காலமானார். செய்தியை அவருடைய மனைவி எழுதினார். வரிசையில் அவருடைய ஒட்டுகள் ஆறு இருந்தன. மேர்டில் அந்தப் புதன்கிழமைக் கடிதத்தில் வேறெதையும் போடவில்லை. அந்த ஆறையும் மட்டும் போட்டு, "யார் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு மணித்தியாலத்தில் ஐந்துக்கு ஆள் வந்தது. ஆறாவது பாதியில் நின்றது, முடித்து எழுதவேண்டியிருந்தது. அதற்கும் ஆட்கள் கேட்டார்கள். மேர்டில் கொடுக்கவில்லை.

விஜிதரனிடம் போய், "சேர், எனக்கு இத எழுதக் காட்டித் தாங்க" என்றார்.

"மிஸ், ரெண்டு நாளில நானே எழுதித் தாறன்."

"எழுதித் தரவேணாம். காட்டித் தாங்க."

ஐந்து கிழமை எடுத்தது. பதினொரு வரி. மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவரின் பெயர் நிற்கும். தபனின் நூற்று நாற்பது வரிகளுக்குக் கீழே மேர்டிலின் பதினொன்று நின்றன. கையொப்பங்கள் பெலேமிலிருந்தும் ஹெல்சிங்கியிலிருந்தும் வந்தன. தபனின் மனைவிக்கு அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்.

2024 தை மாதம் மடற்குழுவை மூடுவதாகக் குழு அறிவித்தது. வேலை எல்லாம் ஒரு புதிய இணையத்தளத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒட்டுகள் பெட்டிபெட்டியாக வருகின்றன. பிடித்தால் ஒரு இதயக்குறி போடலாம். வேகம்தான், குறை சொல்ல முடியாது. பதினைந்து நிமிடத்தில் ஒரு இயந்திரம் பாதிச் சோதனையைச் செய்துவிடுகிறது. ஆனால் பனியில் கதவு திறக்காத கதையை எழுத அங்கே இடமில்லை. யார் என்ன மீன் சாப்பிட்டார்கள் என்றும் தெரிவதில்லை. பொறுப்பை செக் நாட்டுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, மேர்டில் பழைய கடிதங்களை ஒரு மாதம் இருந்து வாசித்தார். சிலவற்றுக்குச் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார்.

அந்த ஆண்டு ஆனியில் ஒருவழியாக மெல்பேர்ணுக்கு ஜக்குலினிடம் போனார், மூன்று மாத விசாவில். வெளியே நல்ல குளிர். நான்காம் நாள் ஜக்குலின் அவரைத் தங்கள் பகுதி நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். மேசையிலிருந்த திரையைப் பார்த்ததும் மேர்டில் நின்றுவிட்டார். அந்த நீல நிறமும் இடது பக்கப் பட்டியலும் டெசெராவுடையவை. ஒரு பெண் தன் பிள்ளைக்குப் புத்தகம் முன்பதிவு செய்துகொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேர்டில் எதுவும் சொல்லவில்லை. ஜக்குலினால் சும்மா இருக்க முடியவில்லை.

"இந்த மென்பொருளை என் அக்காதான் பார்த்துக்கொண்டவள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல்" என்று நூலகரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

நூலகர் குளிர்ச்சட்டை போட்ட இந்தப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "அப்படியென்றால் ஒன்று கேட்கட்டுமா? இந்தப் பற்றுச்சீட்டில் திகதி பாதி வெட்டுப்பட்டு வருகிறது. எழுதிக் கேட்டோம். யாரும் பதில் போடவில்லை."

"எப்போது எழுதினீர்கள்?" என்றார் மேர்டில்.

"ஒரு வருடம் இருக்கும்."

மேர்டில் கைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "எந்த மாதம் என்று ஞாபகம் இருக்கிறதா? எழுதியவரின் பெயர்?"

ஜக்குலின் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு இது இப்போதைக்கு முடியாது என்று கண்டு, ஒரு கதிரையை இழுத்து அக்காவுக்குப் பின்னால் போட்டாள்.